எட்டு சென்ட் கொறச்சல்

அந்தப் பக்கம் போவாதீங்க டீச்சரம்மா. ரோடு நல்லாத்தான் இருக்கும், தாரு போட்டு, ரெண்டு பக்கமும் மரம் வச்சு. ஆனா நேரா கொண்டுபோயி சுவத்துல முட்ட விட்டுரும். பள்ளிக்கூடத்துச் சுவருதான், இல்லேங்கல. வாசல் அங்க இல்ல, கெழக்குப் பக்கம் இருக்கு. இப்படி வாய்க்கா கரையோட சுத்திக்கிட்டு வந்தாத்தான் உள்ள போவ முடியும். நானும் அந்தப் பக்கந்தான், வாங்க. செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டா நல்லது. நேத்துப் பேஞ்ச மழை, வழுக்கும்.

நீங்க டீச்சருன்னு எப்படித் தெரியும்னா? பஸ்ஸ விட்டு எறங்குனதும் போர்டத் தேடிப் படிச்சீங்க பாருங்க, அதுலயே தெரிஞ்சுபோச்சு. இந்த சித்தன்வெளியில எறங்கி போர்டு படிக்கிறவுங்க வாத்தியாருங்க மட்டுந்தான். கையில ஆர்டரு வேற. பூதலூருக்கு ரயில்ல வந்துட்டு அங்கேர்ந்து டவுன் பஸ்ஸா? சரி சரி.

ரோடு ஒரு பக்கம் வாசல் ஒரு பக்கம், எந்த இஞ்சினியரு போட்ட பிளானுன்னு கேக்குறீங்க. இஞ்சினியரு போடலீங்க. கைநாட்டுப் பொம்பள ஒருத்தி போட்ட பிளான் அது. காளியம்மான்னு பேரு. நடவு ஆளுங்களுக்கெல்லாம் அவதான் தலைவி. முப்பது பொம்பளைங்க குனிஞ்சு நட்டுக்கிட்டு இருந்தாலும் இவ குரல் ஒண்ணு தனியா கேக்கும். என்னா அவ இவங்குறானேன்னு பாக்காதீங்க, எங்க தெருதான், பழகுன வாயி.

பதிமூணு வருசம் ஆச்சுங்க. அப்ப ஊருல எட்டாவது வரைக்குந்தான் இருந்துச்சு. அதுக்கு மேல படிக்கணும்னா பூதலூரு போவணும். ஆம்பளப் புள்ளைங்க சைக்கிள் இருந்தா போவும். பொம்பளப் புள்ளைங்க எட்டாவது பாஸ் பண்ணுன கையோட நாத்துக் கட்டத் தூக்கிக்கிட்டு வயல்ல எறங்கிடும். காளியம்மா மவ அம்சம், கிளாஸ்ல மொதப் புள்ள. அதுவும் ஒரு வருசமா சேத்துலதான் நின்னுச்சு. அப்பப் பாத்து கவர்மெண்டு காயிதம் வருது. சித்தன்வெளிக்கு ஹைஸ்கூல் சேங்சன் ஆயிருக்கு, ஊருல மூணு ஏக்கர் எடம் எழுதிக் குடுக்கணும், பங்குனி முடியறதுக்குள்ள குடுக்கலன்னா பக்கத்து ஊருக்கு மாத்திடுவோம்னு.

அன்னிக்கு ஆரம்பிச்சுதுங்க கூத்து. பழைய பள்ளிக்கூடத்துல ஊர்க்கூட்டம் போட்டாங்க.

கோவிந்தராசுன்னு ஒருத்தரு, ரைஸ்மில்லுக்காரரு, ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளரு. மைக்கப் புடிச்சாருன்னா அடுக்குமொழிதான். கல்விக்காகக் கண்ணையும் தருவேன், கழுத்தையும் தருவேன்னு பேசுவாரு. அவரு சொன்னாரு, மில்லுப் பக்கம்தான் பள்ளிக்கூடம் வரணும்னு. இளையபெருமாள்னு இன்னொருத்தரு. கட்சி ரெண்டா ஒடைஞ்சப்ப அந்தப் பக்கம் போனவரு, கோயில் தருமகர்த்தாவும் அவருதான். அவரு சொன்னாரு, கோயில் பக்கம்தான் வரணும்னு. சரிங்க, எடத்த யாரு குடுக்குறதுன்னு கேட்டா, ரெண்டு பேரும் கூரை ஓட்டப் பாக்குறாங்க, எத்தன ஓடு ஒடைஞ்சிருக்குன்னு. எல்லாருக்கும் பள்ளிக்கூடம் தன் வீட்டுக்குப் பக்கத்துல வேணும். ஆனா அடுத்தவன் வயல்ல வேணும்.

இன்னொரு வெசயமும் இருந்துச்சு, அத யாரும் நேரா சொல்லல. பள்ளிக்கூடம் ஊருக்குள்ள வந்தா எங்க தெருப் புள்ளைங்க அவுங்க தெரு வழியாப் போவணும் இல்லீங்களா. அதுக்கு ஒரு பெரிய மனுசன் எந்திரிச்சு சொல்றாரு, அவ்வளவு புள்ளைங்க கூட்டமா தெருவுல வந்தா மாடு மெரளுமேன்னு. ஆமா ஆமாங்குறாங்க எல்லாரும். மாடு மெரளுமாம். அந்த மாட்ட தெனமும் ஓட்டிக்கிட்டுப் போயி மேய்ச்சு, குளிப்பாட்டி, கொண்டாந்து கட்டுறதே எங்க தெருக்காரன்தான். அப்ப மெரளாத மாடு, சிலேட்டப் பாத்தா மெரளுமாம்.

சிரிக்கிறீங்க. அன்னிக்கு யாரும் சிரிக்கலீங்க.

எங்க தெரு ஆளுங்க வெளிய, சன்னல் ஓரமா நின்னுக்கிட்டு இருந்தோம். காளியம்மா சன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டுச் சொன்னா, ஏங்க, மந்தவெளி இருக்கே, ஊருக்கு நடுவுல, கவர்மெண்டுப் பொறம்போக்கு, நாலு ஏக்கருக்கு மேல, அங்க கட்டுங்களேன்னு.

பாருங்க, அவ்வளவு நேரம் சந்தை மாதிரி இருந்த எடம், கப்புனு அடங்கிடுச்சு. ஏன்னா மந்தவெளியில பாதி கோவிந்தராசு மில்லுக் களமா ஆயிடுச்சு. மீதியில இளையபெருமாள் மாட்டுக் கொட்டா, வைக்கப்போரு. ஒருத்தர் நெழல்ல ஒருத்தர் நிக்க மாட்டாங்க, எதிரெதிர்க் கட்சி. ஆனா பொறம்போக்க மட்டும் சண்ட சச்சரவு இல்லாம பங்கு போட்டு வச்சிருந்தாங்க. அன்னிக்குத்தான் ரெண்டு பேரும் சேந்து ஒரே குரல்ல பேசி ஊரு பாத்துச்சு. பொம்பளைங்க பேசற எடமா இதுன்னு.

அப்பதாங்க கல்யாணமய்யரு வந்தாரு. ஊருல பாதி நெலம் அவரோடது. புள்ளைங்க எல்லாம் பம்பாயில. இவரும் மாசத்துல பாதி நாளு தஞ்சாவூருதான். மெதுவா, தணிவாத்தான் பேசுவாரு. யாரையும் ஏ போன்னு ஒரு வார்த்தை சொன்னது கெடையாது. வந்து சொல்றாரு, நேக்கு என்னத்துக்குடாப்பா நெலம், கொழந்தைகள் படிக்கட்டும், பெரிய வயல் மூணு ஏக்கரையும் எழுதிக் குடுத்துடறேன்னு. ஊரே கையெடுத்துக் கும்புட்டுச்சு. கோவிந்தராசு ஓடிப்போயி மாலை வாங்கிட்டு வந்து போட்டாரு. கல்வி வள்ளல்னு நோட்டீசு. அது வரைக்கும் மேடையில அவர வையறதுதான் இவரு தொழிலு. அன்னிக்கு மட்டும் வள்ளலு.

நல்ல மனுசன்தானேங்குறீங்க. இருங்க. அந்தப் பெரிய வயல யாரு பயிரு வச்சுக்கிட்டு இருந்தாங்க தெரியுமா? காளியம்மாவும் அவ புருசனும். பதினெட்டு வருசமாக் குத்தகை. மேட்டுல தண்ணி ஏறாம கெடந்த வயல, கூடை கூடையா மண்ணு அள்ளிச் சமப்படுத்துனது அவுங்க. அந்த வருசந்தான் குத்தகைக்காரங்க பேர எல்லாம் ரிக்கார்டுல பதியணும்னு சட்டம் வந்து ஆபீசருங்க ஊரூரா வந்துக்கிட்டு இருந்தாங்க. பேரு பதிஞ்சுட்டா அப்புறம் அய்யரால அந்த வயல்ல கால வைக்க முடியாது. காளியம்மா மனுக் குடுத்து ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு. இப்பப் புரியுதுங்களா வள்ளல் தன்மை? கையவிட்டுப் போவப்போற வயலத் தூக்கி தானம் பண்ணிட்டாரு. பேருக்குப் பேரும் ஆச்சு, பள்ளிக்கூடத்துக்கு அவுங்கப்பா பேரு வைக்கிறதாவும் ஆச்சு, குத்தகைக்காரி ஒழிஞ்ச மாதிரியும் ஆச்சு.

மனு எழுதிக் குடுத்தது யாருன்னா, ஜெக்கரியா தோழரு. விவசாயத் தொழிலாளர் சங்கம். முத்துப்பேட்டை பக்கத்து ஆளு. ஒரு பழைய சைக்கிளு, ஒரு செவப்புத் துண்டு, அவ்வளவுதான் அவரு சொத்து. எங்க தெருவுல சாயங்காலம் பெரியவங்களுக்கெல்லாம் கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுப்பாரு. முந்தின வருசம் எங்களுக்கு மனைப்பட்டா வந்தப்பக்கூட, பொம்பளைங்க பேருலதான் வாங்கணும்னு ஒத்தக் கால்ல நின்னு வாங்கிக் குடுத்தாரு. சாராயக் கடை தெறந்திருந்த நேரம். ஆம்பள பேருல பட்டா இருந்தா பொழுது சாயறதுக்குள்ள கைமாறிடும்னு அவருக்குத் தெரியும்.

காளியம்மா பள்ளிக்கூடத்துக்கு எதிரின்னு ஊரு பூரா பேச்சு. ஒம் மவ படிக்கிறதுக்கே குறுக்க நிக்கிறியேன்னு தண்ணிக் கொழாயில கேக்குறாங்க. அவ சொல்றா, எனக்குப் பள்ளிக்கூடமும் வேணும், வயலும் வேணும், ரெண்டுல ஒண்ணுதான்னு யாரு சொன்னது, மந்தவெளிய அளந்து பாருங்கன்னு. அம்சம் மட்டும் பழைய எட்டாவது புஸ்தகத்தயே திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டு இருக்கும். அந்தப் புள்ளயப் பாக்குறப்பதான் காளியம்மாவுக்கே கொஞ்சம் ஆட்டம் குடுக்கும்.

அவ புருசனா? இருந்தான். தங்கையன்னு ஒரு ஆளு. அவனப் பத்தி என்னாத்தச் சொல்றது. ஒழைப்பான், இல்லேங்கல. ஆனா எங்க போனாலும் அவன காளியம்மா புருசன்னுதான் சொல்லுவாங்க. அது உள்ளுக்குள்ள குத்திக்கிட்டே இருந்துச்சு அவனுக்கு. கோவிந்தராசு மோப்பம் புடிச்சிட்டாரு. ஒரு நாள் மில்லுக்குக் கூப்புட்டு பெஞ்சுல உக்கார வச்சாரு. பெஞ்சுல, டீச்சரம்மா. அதுக்கு முன்னாடி அந்த மில்லுல அவன் உக்காந்ததே கெடையாது. டீ வாங்கிக் குடுத்தாரு, அதுவும் கண்ணாடி கிளாஸ்ல. தங்கையா, புதுப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாட்ச்மேன் போடணும், கவர்மெண்டு உத்தியோகம், காக்கிச் சட்ட, நீதான் சரியான ஆளுன்னாரு. பேச்சுவாக்குல ஒரு காயிதத்த நீட்டுனாரு.

என்னா எழுதியிருக்குன்னு அவன் படிக்கல. படிக்கத் தெரியாது. பேரு எழுத மட்டுந்தான் தெரியும். ஜெக்கரியா தோழரு சொல்லிக் குடுத்தது. கைநாட்டு வைப்பா போதும்னாரு கோவிந்தராசு. இவனுக்கு ரோசம் வந்துருச்சு. கைநாட்டா, எனக்கு கையெழுத்தே வரும்னு பேனாவ வாங்கி, தங்கையன்னு அஞ்சு எழுத்தயும் நிறுத்தி நிறுத்திப் போட்டான். படிப்பு வந்து அவன் பண்ணுன மொத வேலை அது.

பின்னால, பொண்ணு படிக்கட்டும்னுதான் போட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். பொய்யி. காக்கிச் சட்டைக்குத்தான் போட்டான். கண்ணாடி கிளாஸ் டீக்குப் போட்டான்.

அவன் மனசுல இருந்தது எனக்கு எப்படித் தெரியும்னா? ஊருன்னா எல்லாம் தெரியத்தான் செய்யும். பாத்து வாங்க, இந்த எடத்துல கரை ஒடைஞ்சிருக்கு. அந்தக் கல்லு மேல காலு வைங்க.

கார்த்திகையில தாசில்தார் வந்தாரு விசாரணைக்கு. பழைய பள்ளிக்கூடத்துல மேசை போட்டு உக்காந்தாரு. அக்கம்பக்கத்து வயலுக்காரங்கள ஒவ்வொருத்தராக் கூப்புட்டு, பெரிய வயல்ல பயிரு வச்சது யாருன்னு கேக்குறாரு. ஒருத்தருக்கும் தெரியல. பதினெட்டு வருசமா வரப்புக்கு வரப்பு நின்னு பேசிக்கிட்டு இருந்தவங்க. தாசில்தாரே கேட்டாரு, என்னாய்யா, பயிரு தானா மொளைச்சுதான்னு. அதுக்கும் ஒருத்தன், இருக்கலாமுங்கன்னான்.

அப்ப அய்யரு பக்கத்து வக்கீலு அந்தக் காயிதத்த எடுத்து நீட்டுனாரு. நானும் என் மனைவி காளியம்மாளும் மேற்படி நெலத்துல தினக்கூலிக்கு வேலை பாத்தவுங்க, குத்தகை பாத்தியதை எதுவும் எங்களுக்குக் கெடையாது, இப்படிக்குத் தங்கையன். தாசில்தார் வாசிச்சு முடிச்சாரு. காளியம்மா அதெல்லாம் மோசடிக் காயிதமுங்கன்னா. கையெழுத்தப் பாரும்மான்னு தாசில்தார் திருப்பிக் காமிச்சாரு.

அவளுக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா அந்த அஞ்சு எழுத்து தெரியும். அவன் கையெழுத்துப் பழகுனப்ப குடிசைச் சுவத்துல கரிக்கட்டையால எழுதி எழுதிப் பாப்பான். அவளுக்கு அதுல அவ்வளவு பெருமை. சுவரு மொழுவுறப்ப அந்த எடத்த மட்டும் விட்டுட்டு மொழுவுவா. தெருவுல வர்றவுங்ககிட்ட எல்லாம் காமிப்பா, இது எங்க வீட்டுக்காரரு எழுதுனதுன்னு. அதே அஞ்சு எழுத்து காயிதத்துல இருக்கு.

தாசில்தார் அவனக் கேட்டாரு, இது உன் கையெழுத்தாப்பான்னு. இல்லைன்னு சொல்லியிருக்கலாம். கட்டாயப்படுத்தி வாங்குனாங்கன்னு சொல்லியிருக்கலாம். ஜெக்கரியா தோழரு பின்னாலேர்ந்து, சொல்லு தங்கையா, சொல்லுன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. இவன் கோவிந்தராசு மூஞ்சியப் பாத்தான். ஆமாங்கன்னான்.

அவ ஏன்னும் கேக்கல. மாராப்ப இழுத்துச் சொருவிக்கிட்டு அவ பாட்டுக்கு வெளிய நடந்துட்டா. வாய்க்கால்ல எறங்கி மூஞ்சியக் கழுவிக்கிட்டு, மத்தியானம் களையெடுப்புக்குப் போயிட்டா.

மனு தள்ளுபடி. மந்தவெளியும் அளந்தாங்க, ஆக்கிரமிப்பு இருக்கு, அகற்ற காலம் ஆகும்னு எழுதிட்டாங்க. இன்னும் அந்தக் காலம் ஆயிக்கிட்டேதான் இருக்கு. கதிரு வந்துக்கிட்டு இருந்த நேரம்னால, அறுப்பு வரைக்கும் வயல்ல எறங்க மாட்டோம்னு மட்டும் அய்யரு பக்கத்துலேர்ந்து எழுதி வாங்குனாரு ஜெக்கரியா. தை மாசம் காளியம்மா தன் வயல கடைசியா அறுத்தா. அறுப்பு வயல்ல பேச்சே இல்லாம நான் பாத்தது அந்த ஒரு நாளுதான்.

கதை அங்க முடிஞ்சிருந்தா கோவிந்தராசு இன்னிக்கு எம்மெல்லே ஆயிருப்பாரு. மாசியில சர்வேயர் வந்தாரு, பஞ்சநதம்னு பேரு. வெத்தலைகூடப் போட மாட்டாரு, வெறும் தண்ணி குடிச்சிட்டு வேலை பாக்குற மனுசன். சங்கிலிய இழுத்து அளந்தாரு. திரும்ப அளந்தாரு. மூணாவது தடவையும் அளந்துட்டுச் சொன்னாரு, ரெண்டு ஏக்கர் தொண்ணூத்திரெண்டு சென்ட்டுதான் இருக்கு, எட்டு சென்ட் கொறைச்சல்னு.

பத்திரத்துல மூணு ஏக்கரு, பூமியில இல்ல. எங்க போச்சு எட்டு சென்ட்டு? பஞ்சநதம் பேனாவால மேக்க காமிச்சாரு. மேல்வரப்புக்கு அந்தாண்ட கோவிந்தராசு வாங்குன வயலு. வருசா வருசம் வரப்பு வெட்டுறப்ப ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளித் தள்ளி வெட்டியிருக்காரு. எட்டு சென்ட்டு அவரு வயலுக்குள்ள படுத்துக் கெடக்கு. ஊரே காதால கேட்டுச்சு, ஆனா ஊருக்கே காது கேக்கல. சண்ட போட்டு அளந்து மீட்கணும்னா கோர்ட்டுக்குப் போவணும், பங்குனியோ பொறக்கப்போவுது. சரிங்க, நீங்களே ஒரு எட்டு சென்ட்டு குடுத்துடுங்கன்னு கேட்டா, கல்விக்காகக் கண்ணையும் கழுத்தையும் குடுக்குறேன்னவரு, அந்த வயலு வீட்டுக்காரி பேருல இருக்கு, அவ சம்மதிக்க மாட்டாங்குறாரு. தெக்க கோயில் நெலம். அது சாமியோடது, நான் யாரு குடுக்கன்னாரு இளையபெருமாள். வடக்க வாய்க்கா. அய்யருக்கு வேற நெலம் எதுவும் அந்த வயல ஒட்டி இல்ல.

மிச்சம் கெழக்குதான். கெழக்க என்னா இருக்கு? ஒரு குடிசை, ஒரு முருங்கமரம், ஆட்டுக்கொட்டா. மனைப்பட்டா. கரெக்டா எட்டு சென்ட். பட்டா யாரு பேருல? காளியம்மா பேருல.

ஆமாங்க, அவளேதான். நீங்க இப்பச் சிரிச்சீங்க பாருங்க, அப்படித்தான் அன்னிக்கு பஞ்சநதமும் சிரிச்சாரு. அவரு சிரிச்சு அன்னிக்குத்தான் பாத்தோம்.

எங்க தெருவுக்குள்ள அது வரைக்கும் கால வைக்காதவங்க எல்லாம் வந்தாங்க. கோவிந்தராசு, இளையபெருமாள், பின்னாடி மாடு மெரளும்னு சொன்ன பெரிய மனுசன். அய்யரு வரல, ஆனா பழத்தட்டு குடுத்து அனுப்பியிருந்தாரு. அவ அரிவாளத் தீட்டிக்கிட்டு இருந்தா. வாங்க, உக்காருங்கன்னு சாக்கு எடுத்துப் போட்டா. மூணு பேரும் சாக்குல உக்காந்தாங்க. எம்மா காளியம்மா, ஊரு புள்ளைங்க எதிர்காலம் ஒங் கையிலதான் இருக்குன்னாரு கோவிந்தராசு. அவ கேட்டா, கூலிக்காரி கையில எப்படிங்க இருக்கும்னு.

அவ மாட்டேன்னு சொல்லியிருந்தா பள்ளிக்கூடம் பக்கத்து ஊருக்குப் போயிருக்கும். கோவிந்தராசு மூஞ்சியில கரி. எங்க தெருவுல பாதிப் பேரு, குடுக்காத காளியம்மா, வயலப் புடுங்குனானுங்க, இப்ப வூட்டையும் கேக்குறானுங்கன்னு சொன்னாங்க. ஜெக்கரியாகூட ஒம் இஷ்டந்தாம்மா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னுட்டாரு. அவ மூணாம் நாளு அம்சத்தக் கூட்டிக்கிட்டுப் போயி பெரிய வயலு வரப்புல உக்காந்து என்னமோ கேட்டா. அந்தப் புள்ள என்னா சொல்லுச்சுன்னு யாருக்கும் தெரியாது. திரும்பி வந்து, குடுக்குறேன்னு சொல்லி அனுப்பிட்டா. ரெண்டு கண்டிசன். பள்ளிக்கூடத்துக்கு யாரு பேரும் வைக்கக் கூடாது. வாசல் எங்க தெருவப் பாத்துத்தான் இருக்கணும், வேற எந்தப் பக்கமும் வழி விடக் கூடாது.

சரிம்மா சரிம்மான்னாங்க. மனசுக்குள்ள, இவளுக்கு என்னா தெரியப் போவுதுன்னு.

ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குப் போனாங்க. பத்திரம் ரெடியா இருக்கு, மை டப்பா தெறந்து இருக்கு. பெருவிரலக் குடும்மான்னாங்க. இருங்க, எம் பொண்ணு படிக்கட்டும்னா. அம்சத்துக்குப் பதினாலு வயசு, பாவாட தாவணி. அத்தன பேருக்கு நடுவுல நின்னு பத்திரத்த மொத எழுத்துலேர்ந்து படிச்சுது. பத்திரத் தமிழு உங்களுக்குத் தெரியுமே, மூச்சு விட எடம் இருக்காது. அது நிறுத்தி நிறுத்திப் படிச்சுது. படிச்சுக்கிட்டே வந்து ஒரு எடத்துல நின்னுச்சு. அம்மா, வாசல் அரசாங்கம் விரும்பும் தெசையில் அமைத்துக்கொள்ளலாம்னு போட்டிருக்காங்கன்னுச்சு. மாத்தி எழுதுங்கன்னா காளியம்மா. பத்திரம் எழுதுறவரு, வாசலையெல்லாம் பத்திரத்துல எழுத முடியாதும்மான்னாரு. அப்ப என் வெரலும் பத்திரத்துல விழாதுங்கன்னு கைய முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டா. மாத்தி எழுதுனாங்க. அம்சம் திரும்பப் படிச்சுது. கல்யாணமய்யரு தகப்பனாரு பேரு ஒரு மூலையில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதையும் எடுக்க வச்சா. மூணாந்தடவை முழுசாப் படிச்சு முடிச்சு, இப்ப சரிம்மான்னுச்சு. அப்புறந்தான் வெரல வச்சா.

ஜெக்கரியா தோழரு ஆபீசு வெளிய சைக்கிளப் புடிச்சுக்கிட்டு நின்னு அழுதாரு. கண்ணுல தூசின்னாரு.

மறுநாளே குடிசையப் பிரிச்சா. மொதல்ல இடிச்சது அந்தக் கரிக்கட்டைச் சுவரத்தான்.

போவ வேணாம்னேனே, அந்த ரோட்டுக் கடைசியில, சுவத்துக்கு எதுத்தாப்புல மூணு கடை பூட்டிக் கெடக்கு. கோவிந்தராசு கட்டுனது. வாசல் மேக்கதான் வரும்னு நம்பி, பத்திரம் பதியறதுக்கு முன்னாடியே அஸ்திவாரம் போட்டுட்டாரு. பரோட்டாக் கடை, நோட்டுப் புஸ்தகக் கடை, சைக்கிள் கடைன்னு கணக்கு. இப்பப் பல்லி குடித்தனம் நடத்துது. ஊருப் புள்ளைங்க எல்லாம் தெனமும் இந்தக் கரையோட சுத்தி, எங்க தெரு வழியாத்தான் வருது. மொத நாளு காளியம்மா தெரு மொனையில நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. அந்தப் பெரிய மனுசனோட பேரன் வந்தான், புதுச் சட்ட போட்டுக்கிட்டு. தம்பி, பாத்துப் போ, எங்க தெருவுல மாடெல்லாம் மெரளாதுன்னா.

அம்சமா? இந்தப் பள்ளிக்கூடத்துல மொத செட்டு. இப்பத் தஞ்சாவூருல நர்சு. லீவுல வந்தா அப்பன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் போவும். அது தங்கமான புள்ள.

யாரு, அந்தத் தங்கையனா? அவனுக்கு என்னா. வாட்ச்மேன் வேலைக்கு கோவிந்தராசு மச்சான் மவன் வந்தான். காக்கிச் சட்டை அவனுக்குத் தொளதொளன்னு இருந்துச்சு. தங்கையன் போயிக் கேட்டான். நீ எட்டாவது பாஸ் பண்ணல பாருன்னாரு கோவிந்தராசு. பெஞ்சுல உக்காருன்னுகூட சொல்லல. காளியம்மா தெருக் கடைசியில புது வீடு கட்டுனா. இவன வான்னும் சொல்லல, வராதன்னும் சொல்லல. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம்னு ஒண்ணு வந்திருக்கும். அந்த வீட்டு வாசல் கொஞ்சம் தாழ்வு, குனிஞ்சுதான் போவணும். ஊருல அத்தன பேருகிட்டயும் குனிஞ்சவனுக்கு, அந்த ஒரு வாசல்ல குனிய வரல. மந்தவெளியில மில்லுக் களத்துல நெல்லு கிளறிக்கிட்டு, அங்கயே சாக்கு விரிச்சுப் படுத்துக்கிட்டுக் கெடக்கான். பதிமூணு வருசம்.

இந்தா, தெரு வந்துடுச்சு. அந்தப் பச்சைக் கேட்டுதான். நேரா போங்க. சத்துணவுக் கூடத்துல பொகை வருது பாருங்க, காளியம்மா உலை வச்சிருப்பா. சமையல் அவதான். நல்லா சமைப்பா, கொழம்புல புளி மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கும்.

இல்லீங்க, நான் வரல. இந்த மதகு வரைக்குந்தான் வர்றது. யாரு கூட்டியாந்து விட்டான்னு கேட்டா, தங்கையன்னு சொல்லுங்க.

ஆமாங்க, நாந்தான். போன வருசம் வந்த கணக்கு வாத்தியாருகிட்டயும் இப்படித்தான் சொல்லி அனுப்புனேன். அவரும் மறக்காம சொன்னாராம். அவ கரண்டியக் கீழ வச்சுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம், சரியான வழியத்தான் காட்டுனாரான்னு.

காட்டுனானான்னு கேக்கல பாருங்க டீச்சரம்மா. காட்டுனாரான்னுதான் கேட்டாளாம். வாத்தியாருகிட்ட ரெண்டு தடவை விசாரிச்சுட்டேன்.